பெட்டியின் தொண்டை ஏன் கரகரக்கிறது?

டில்லியில் செங்கோட்டை இருக்கிறது. அதற்கு எதிரே சாந்தினி சௌக் தொடங்குகிறது. அந்த இடத்தில் ஒரு சந்தை. அதன் பெயர் லஜபதி ராய் மார்க்கெட்.

1947-இல் நாடு பிரிந்தது. பாகிஸ்தானிலிருந்து வீடு வாசலை விட்டு மக்கள் ஓடி வந்தார்கள். அப்படி வந்தவர்கள் பிழைக்கக் கடை போட்ட இடம் இது. எல்லாம் சின்னக் கடைகள். ரேடியோ, டேப், டி.வி., ஸ்பீக்கர், ஒயர் என்று மின் சாமான்கள் குவிந்து கிடக்கும்.

இந்த மாதிரிச் சந்தைகளில் பழைய கை மெக்கானிக்குகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வால்வு ரேடியோ காலத்தில் தொழில் கற்றவர்கள். கொஞ்ச காலம் அவர்களுக்கு வேலை குறைந்து போயிற்று. இப்போது வால்வு மறுபடியும் வருகிறது. இந்த முறை ரேடியோவில் இல்லை. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற ஹெட்போனுக்கு வருகிறது.

ஹெட்போனுக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்? வால்வு என்றால் என்ன? அது ஏன் சில நாள் கழித்துக் கரகரக்கிறது? அதைச் சரிசெய்கிறவர் ஏன் ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்கிறார்?

சூடேறிய பிறகுதான் குரல்

பழைய வால்வு ரேடியோவை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். மரப் பெட்டி. முன்னால் துணி. அந்த ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

பொத்தானைத் திருப்பியதும் அது பேசாது. அரை நிமிடம் சும்மா இருக்கும். உள்ளே மெல்லச் சிவப்பு வெளிச்சம் தெரியும். பிறகு தூரத்திலிருந்து வருகிற மாதிரி குரல் வரும். மெல்ல மெல்லப் பெரிதாகும்.

டில்லியில் வானொலி நிலையம் 1936 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரும் வந்தது. பிற்காலத்தில் டில்லியிலிருந்து தமிழ்ச் செய்திகளும் வந்தன. சரோஜ் நாராயணசுவாமி பல ஆண்டுகள் செய்தி வாசித்தார். 2022-இல் அவர் காலமானார். அவர் குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரல் ஒரு நாள் கரகரத்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். "ரேடியோவுக்கு என்னவோ ஆகிவிட்டது" என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ரேடியோவில் குரல் நன்றாக இருந்தால் சந்தேகமே இல்லை. கோளாறு நம் பெட்டியில்தான்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பழுது பார்க்கும் வேலையின் பாதி இதில் அடங்கிவிட்டது. கோளாறு எங்கே இல்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டுப் பெட்டி வேண்டும்.

ஒரு மதகின் கதை

வால்வு ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் உள்ளே காற்று கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள்.

உள்ளே நடுவில் ஒரு மெல்லிய குழாய். அதற்குள் சூடாக்கும் கம்பி இருக்கிறது. குழாயைக் கேத்தோடு என்பார்கள். அது சூடானதும் அதிலிருந்து மின் துகள்கள் கிளம்பும். வெந்நீரிலிருந்து ஆவி கிளம்புவது போல. இந்தத் துகளுக்கு எலெக்ட்ரான் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது.

வெளிச் சுற்றில் ஒரு தகடு. இதைப் பிளேட் என்பார்கள். இதற்கு 100, 200, சிலவற்றில் 300 வோல்ட் வரை பிளஸ் மின்சாரம் கொடுப்பார்கள். பிளேட் அந்தத் துகள்களைத் தன் பக்கம் இழுக்கும். மின்சாரம் ஓடும்.

1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் இந்த இரண்டு பாகங்களோடு வால்வு செய்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் மூன்றாவதாக ஒன்றை நடுவில் வைத்தார். அது ஒரு கம்பி வலை. அதற்குக் கிரிட் என்று பெயர். எல்லா வித்தையும் அந்த வலையில்தான் இருக்கிறது.

ஏரியில் மதகு இருக்கும். மதகுக் கதவை ஒரு ஆள் ஒரு கையால் திருப்புகிறார். கதவு கொஞ்சம் உயர்கிறது. வாய்க்காலில் வெள்ளம் பாய்கிறது. கதவு இறங்குகிறது. வெள்ளம் குறைகிறது. கை அசைவு சின்னது. வெள்ளம் பெரியது. ஆனால் கை எப்படி அசைந்ததோ அப்படியே வெள்ளமும் கூடிக் குறையும்.

கிரிட்தான் அந்த மதகு. செல்போனிலிருந்து வருகிற பாட்டின் மின்சாரம் மிகச் சின்னது. அது கிரிட்டை அசைக்கிறது. கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் போகிற மின்சாரம் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. சின்னப் பாட்டு பெரிய பாட்டாகிறது. இப்படிப் பெரிதாக்கும் பெட்டிதான் ஆம்ப்ளிபயர். கல்யாண வீட்டு மைக் செட்டில் இருப்பதும் அதுவே. டில்லியில் 1940-இல் தொடங்கிய அஹுஜா கம்பெனியின் பெயரை மைக் செட் பெட்டிகளில் பல பேர் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தில் வால்வை விட்டால் வேறு வழியே கிடையாது.

1947 டிசம்பரில் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடித்தார்கள். மிளகு அளவுச் சாமான் வால்வின் வேலையைச் செய்தது. சூடாக்க வேண்டாம். உடையாது. பேட்டரியிலேயே ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக வால்வு ஒதுங்கியது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற அரசுக் கம்பெனி 1954-இல் அமைந்தது. 1961-இல் அது வால்வு செய்யத் தொடங்கியது. இந்திய ரேடியோக்களில் அந்த வால்வுகள் ஓடின. பிறகு அதுவும் வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. நாம் ஓட்டுப் போடுகிற மின்னணு எந்திரத்தைச் செய்யும் இரண்டு கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

இன்று புது வால்வுகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா நாடுகளில் தயாராகின்றன. வால்வின் ஓசை இனிமையாக இருக்கிறது என்று சிலர் தேடி வாங்குகிறார்கள். உண்மையில் வால்வு பாட்டோடு கொஞ்சம் தன் குரலையும் சேர்க்கிறது. அந்தச் சேர்க்கை காதுக்குச் சுகமாக இருக்கிறது. கணக்காகப் பார்த்தால் அதுவும் ஒரு பிழைதான். பிடித்த பிழை. அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலை வேறொரு பிழையைப் பற்றியது.

தலை இடிக்கும் வாசல்

உயரமான ஒருவர் தாழ்ந்த வாசலில் நுழைகிறார். குனியவில்லை. தலை இடிக்கிறது. பாட்டுக்கும் அப்படி நேரும்.

பாட்டு ஏறி இறங்குகிற அலை. வால்வால் ஓர் அளவு வரைதான் உயர முடியும். பாட்டு அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். அந்த வெட்டுத்தான் நம் காதில் 'கரகர' என்று விழுகிறது. மெதுவான பாட்டில் தெரியாது. பாடுகிறவர் உச்சத்துக்குப் போகும்போது தெரியும். நாதஸ்வரத்தில் சட்டென்று தெரியும்.

இரண்டு விதமாக இது நடக்கலாம். உள்ளே வருகிற பாட்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கலாம். அல்லது வாசல் தாழ்ந்து போயிருக்கலாம். வால்வு தளர்ந்துபோனால், மின்சாரம் குறைந்தால், சுற்றியுள்ள சாமான் கெட்டால் வாசல் தாழும்.

பெட்டியைத் திறக்கும் முன்

டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்த பழக்கம் பலருக்கு உண்டு. அந்தத் தைரியத்தில் வால்வுப் பெட்டியைத் திறக்கக்கூடாது. பேட்டரி ரேடியோவில் 6 வோல்ட், 9 வோல்ட்தான். வால்வுப் பெட்டிக்குள் 200, 300 வோல்ட் இருக்கும். ஆளைக் கொல்லும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயமில்லை என்று நினைக்கலாம். அதுவும் தப்பு. உள்ளே பெரிய கண்டென்சர்கள் இருக்கும். அவை மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற தொட்டிகள். மோட்டாரை நிறுத்தினாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும் அல்லவா? அதுபோல பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் இருக்கும். பெட்டி பழையதாக இருந்தால் வெகு நேரம் இருக்கும்.

சில மெக்கானிக்குகள் ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைப்பார்கள். 'டப்' என்று தீப்பொறி பறக்கும். தொட்டி காலியாகிவிடும். பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் கண்டென்சரும் கெடும், கண்ணிலும் பொறி தெறிக்கும். பழகிய கை அப்படிச் செய்யாது. 10 ஆயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை நன்றாக உறை போட்ட ஒயர்களில் இணைத்து வைத்திருக்கும். அதைக் கண்டென்சரின் இரு முனையிலும் சில நொடிகள் பிடிக்கும். தேங்கிய மின்சாரம் சத்தமில்லாமல் வடியும். பிறகு மீட்டர் வைத்துப் பார்க்கும். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் விரல் உள்ளே போகும்.

பெட்டி ஓடும்போது வோல்ட் பார்க்க வேண்டியிருந்தால் ஒரு கை பேன்ட் பையில் இருக்க வேண்டும். ஏன்? ஒரு கை மின்சாரத்தையும் மறு கை பெட்டியின் இரும்பையும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். இதயம் நின்றுவிடும். ஒரு கையோடு வேலை செய்தால் அந்த ஆபத்து குறையும். காலில் செருப்பு வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு வேண்டும். கை ஈரமாக இருக்கக்கூடாது. தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யக்கூடாது.

வீட்டில் ஷாக் அடித்தால் தானே அணையும் ஈ.எல்.சி.பி. போட்டிருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மின்சாரத்தை அது கவனிக்காது. அங்கே அடிபட்டால் அது அணையாமலே இருக்கும்.

பழைய ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே இல்லாத வகையும் உண்டு. அவற்றில் பெட்டியின் இரும்புத் தட்டே வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்திருக்கும். அவற்றைத் தொழில் தெரிந்தவரும் யோசித்துத்தான் தொடுவார்.

ஆகவே இனி வருவதில் ஒரு பிரிவு இருக்கிறது. மூடிய பெட்டியில் செய்யும் சோதனைகளை யாரும் செய்யலாம். திறந்து செய்யும் வேலை பழகியவருக்கு மட்டும்.

இடமா, வலமா?

ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காதில் கரகரப்பு என்கிறார். இடது காது நன்றாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

முதலில் ஹெட்போனைத் திருப்பி மாட்டச் சொல்ல வேண்டும். வலது பக்கத்துக் குமிழ் இடது காதில் வரட்டும். அப்போதும் வலது காதிலேயே கரகரத்தால் பெட்டியில் கோளாறு இல்லை. காது டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். சிரிக்க வேண்டாம். இப்படியும் நடக்கும்.

கரகரப்பு குமிழோடு இடது காதுக்கு வந்துவிட்டதா? நல்லது. இப்போது அந்த ஹெட்போனைப் பெட்டியிலிருந்து கழற்றி நேராகச் செல்போனிலோ வேறு பெட்டியிலோ போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் கரகரத்தால் ஹெட்போன்தான் கெட்டது. உள்ளே இருக்கிற மெல்லிய தோல் கிழிந்திருக்கலாம். தலைமுடி ஒன்று தோலில் உரசினாலும் போதும். ஒயர் பிளக்குக்குப் பக்கத்தில் அறுந்திருக்கலாம். பிளக்கை மெல்ல ஆட்டினால் சத்தம் வந்து வந்து போகும்.

ஹெட்போன் நன்றாக இருந்தால் அடுத்தது பாட்டு வருகிற ஒயர். பெட்டியின் பின்னால் இரண்டு ஒயர்கள் செருகியிருக்கும். பெரும்பாலும் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. பெட்டியை அணைத்து, அவற்றை மாற்றிச் செருக வேண்டும். கரகரப்பு இப்போது இடம் மாறியதா? அப்படியானால் கோளாறு ஒயரில், அல்லது அந்த ஒயர் வருகிற இடத்தில். பெட்டி நிரபராதி. மாறாமல் வலது பக்கத்திலேயே இருந்தால்தான் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு காதிலும் கரகரத்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். செல்போனில் வால்யூம் முழுதாக வைத்திருக்கிறாரா? பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். சிலர் செல்போனில் பாட்டின் அடி ஓசையைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதையும் எடுத்துவிட வேண்டும். குறைத்ததும் சரியாகிவிட்டால் கெட்டது எதுவும் இல்லை. வாசலுக்கு மீறிய உயரம், அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் ஒரு ஸ்குரூ கூடக் கழற்றவில்லை. கடைக்கு வருகிற வேலையில் கணிசமான பங்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடும். நேர்மையான மெக்கானிக் இதற்குப் பெரிய கூலி கேட்க மாட்டார்.

வால்வைப் பார்ப்பது

ஹெட்போன் பெட்டிகளில் பெரும்பாலும் வால்வுகள் வெளியே தெரியும்படி நிற்கும். பார்த்தே சில விஷயங்கள் சொல்லலாம்.

வால்வின் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு போல ஒரு திட்டு இருக்கும். பெரும்பாலும் உச்சியில் இருக்கும். அது அழகுக்குப் பூசியது அன்று. உள்ளே மிஞ்சிய காற்றைத் தின்பதற்காக வைத்த உலோகம் அது. அந்தத் திட்டு பால் போல வெளுத்துவிட்டால் வால்வுக்குள் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். எங்கோ விரிசல். அந்த வால்வு முடிந்தது. அதை எரியவிடவும் கூடாது.

இருட்டில் பார்த்தால் நடுவில் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். அது சூடாக்கும் கம்பி. அது எரிய வேண்டும். ஆனால் வெளிச் சுற்றில் இருக்கிற பிளேட் சிவந்தால் ஆபத்து. உலைக்களத்து இரும்பு போலச் சிவக்கும். உடனே அணைக்க வேண்டும். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்கிறது. சில நிமிடங்களில் வால்வு பாழாகிவிடும். டிரான்ஸ்பார்மரும் கூடப் போகலாம்.

அடுத்தது பென்சில் சோதனை. பெட்டி ஓடட்டும். வால்யூம் குறைவாக இருக்கட்டும். ஹெட்போனைக் காதில் மாட்ட வேண்டாம். மேசையில் வைத்தாலே கேட்கும். மரப் பென்சிலின் பின்பக்கத்தால் வால்வை மெதுவாகத் தட்ட வேண்டும். 'டங்' என்று மணி போல ஒலித்தால் வால்வின் உள் பாகங்கள் தளர்ந்திருக்கின்றன. 'கரக் முரக்' என்றால் வால்வின் கால்களில் அழுக்கு. அல்லது ஈயம் வைத்த இடம் விட்டிருக்கிறது.

டில்லியில் அழுக்குக்குக் குறைவில்லை. கோடையில் 'ஆந்தி' என்று புழுதிக் காற்று வீசும். மூடிய ஜன்னல் வழியாகவும் மண் வந்துவிடும். வால்வின் கால்களில் மெல்லிய படலம் படியும். பெட்டியை அணைத்து, ஆறவிட்டு, வால்வை நேராக மேலே தூக்கி எடுக்க வேண்டும். வளைத்து இழுத்தால் கண்ணாடி உடையும். காண்டாக்ட் கிளீனரைத் துணியில் நனைத்துக் கால்களைத் துடைத்து, காய்ந்த பிறகு செருகினால் பாதிக் கரகரப்பு போய்விடும்.

இப்போது முக்கியமான சோதனை. இடது பக்கத்துக்கு ஒரு வால்வும் வலது பக்கத்துக்கு அதே எண்ணுள்ள வால்வும் இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட வேண்டும். பெட்டி அணைந்திருக்க வேண்டும். வால்வு ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு தொட்டால் விரல் வெந்துவிடும். பிறகு ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கரகரப்பு இடது பக்கம் போய்விட்டதா? அந்த வால்வுதான் குற்றவாளி. போகவில்லையா? வால்வு நல்லது. அதைச் சுற்றியுள்ள சாமானில் ஏதோ கெட்டிருக்கிறது.

சில பெட்டிகளில் ஒரே வால்வு இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யும். ஒரே குப்பிக்குள் இரண்டு வால்வு இருக்கும். ஒரு கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் போல. அங்கே மாற்றிப் போட வழியில்லை. அதே எண்ணுள்ள நல்ல வால்வு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். புதிது வாங்கும்போது கவனம் வேண்டும். பழைய எண்ணை அழித்து விலை கூடிய எண்ணை அச்சடித்து விற்பவர்கள் உண்டு.

குழாயில் ஒரு ரப்பர் தோல்

வால்வு நல்லது, ஆனாலும் கரகரக்கிறது என்றால் பழைய மெக்கானிக்கின் கண் முதலில் ஒரு சாமானைத் தேடும். ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கண்டென்சர். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய கண்டென்சர் இல்லை இது. இதற்கு வேறு வேலை.

முதல் வால்வின் பிளேட்டில் 100 வோல்ட் இருக்கிறது. அதே இடத்தில்தான் பெரிதாகிய பாட்டும் இருக்கிறது. பாட்டு மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போக வேண்டும். 100 வோல்ட் போகக்கூடாது. எப்படிப் பிரிப்பது?

தண்ணீர் நிறைந்த குழாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே ஒரு ரப்பர் தோலைக் கட்டி அடைத்துவிட்டோம். இந்தப் பக்கம் தண்ணீரைத் தட்டினால் தோல் அதிரும். அந்தப் பக்கத் தண்ணீரும் அதிரும். ஆனால் ஒரு சொட்டுக் கூடக் கடந்து போகாது. அதிர்வு போகும், தண்ணீர் போகாது. இந்தக் கண்டென்சர் செய்வதும் அதுவே.

ஆண்டுகள் போகின்றன. சூடு படுகிறது. தோலில் ஊசித் துளை விழுகிறது. மின்சாரம் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. இரண்டாவது வால்வின் கிரிட் கேத்தோடைவிட எப்போதும் மைனஸாக இருக்க வேண்டும். அதுதான் மதகு பாதி மூடியிருக்கிற நிலை. ஒழுகி வந்த பிளஸ் மின்சாரம் மதகைத் திறந்துவிடுகிறது. வால்வில் வெள்ளம். பாட்டுக்கு ஏறி இறங்க இடமில்லை. கரகரப்பு. கொஞ்ச நாளில் பிளேட் சிவக்கும். புது வால்வு வாங்கிப் போட்டால் சில நாள் நன்றாக இருக்கும். பிறகு அதுவும் சாகும். விலை அதிகமான வால்வைக் கொன்றது விலை குறைந்த கண்டென்சர்!

இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் உண்டு. பெட்டி போட்டவுடன் நன்றாகப் பாடும். அரை மணி கழித்துக் கரகரக்கத் தொடங்கும். கண்டென்சர் சூடேறிய பிறகுதான் அதிகம் ஒழுகும். வாடிக்கையாளர் கொண்டுவந்ததும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினால் மறு வாரம் அதே ஆள் கோபத்தோடு வந்து நிற்பார்.

மெக்கானிக் மீட்டரால் இதைக் கண்டுபிடிப்பார். மீட்டரின் கறுப்பு ஒயரைப் பெட்டியின் தரை முனையில் கிளிப் போட்டு மாட்டுவார். இதைப் பெட்டி அணைந்திருக்கும்போதே செய்துவிடுவார். பிறகு ஓடவிட்டு, ஒரே கையால் சிவப்பு முனையை இரண்டாவது வால்வின் கிரிட்டில் வைப்பார். நிறையப் பெட்டிகளில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். பிளஸ் 2 வோல்ட், 5 வோல்ட் என்று காட்டினால் கண்டென்சர் ஒழுகுகிறது.

எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? படம் இருந்தால் பார்க்கலாம். பெரும்பாலும் படம் இருக்காது. ஆனால் இடது பக்கம் நன்றாகப் பாடுகிறதே! அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இடமாக அளந்து தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வலது பக்கத்தில் அதே இடங்களை அளக்க வேண்டும். எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே கோளாறு. எழுதப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இந்தத் தாளில் தெரியும்.

இப்படி அளக்கும்போது வேறு சிலவும் அகப்படும். பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸ் நாளாக நாளாகத் தன் அளவைக் கூட்டிக்கொள்ளும். ஒரு லட்சம் ஓம் என்று வர்ணக் கோடு போட்டிருக்கும். அளந்தால் ஒன்றரை லட்சம் காட்டும். பிளேட்டில் வோல்ட் குறையும், வாசல் தாழும். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அந்தக் கண்ட்ரோலில் தூசி. கிளீனர் அடித்தும் போகாவிட்டால் அங்கேயும் ஏதோ ஒரு கண்டென்சர் ஒழுகி வந்து தொல்லை செய்கிறது.

கரகரப்பு இல்லை, பாட்டின் அடியில் 'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் விடாமல் கேட்கிறது என்றால் அது தேக்கி வைக்கிற பெரிய கண்டென்சர் காய்ந்துபோனதன் அடையாளம். மாற்ற வேண்டியதுதான்.

வீட்டு மின்சாரமும் குற்றவாளி ஆகலாம்

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வால்வின் சூடாக்கும் கம்பிக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட் வேண்டும். டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்துக் கொடுக்கிறது. வீட்டு மின்சாரம் 180-க்கு இறங்கினால் கம்பிக்கு 5 வோல்ட் கூட வராது. கேத்தோடு சூடாகாது. துகள் கிளம்பாது. பாட்டு சோர்ந்து கரகரக்கும். ஒரு காலத்தில் டில்லிக் கோடை மாலைகளில் இது வழக்கமாக நடந்தது. பகலில் நன்றாக இருக்கிறது, மாலையில் மட்டும் கெடுகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் வீட்டு வோல்ட்டை அளக்கச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பெட்டி கொண்டுவருபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அந்தப் பெட்டியை நம் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். சில பெட்டிகளின் பின்னால் 120, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும். செருகும் முன் அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஜோடி சேராத ஹெட்போன்

எல்லாம் சரியாக இருக்கும். அளந்தால் கணக்கு ஒத்துவரும். ஆனாலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒலித்தால் கரகரக்கும். இது கோளாறு இல்லை. பொருத்தமில்லாத கல்யாணம்.

ஹெட்போனில் ஓம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். சிலவற்றில் 32, சிலவற்றில் 300. எண் சின்னதாக இருந்தால் அதற்கு மின்சாரம் அதிகம் ஓட வேண்டும். சில வால்வுப் பெட்டிகளில் பாட்டு வெளியேறும் இடத்தில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. வால்வே நேராக ஹெட்போனை இயக்கும். அதனால் அவ்வளவு மின்சாரம் ஓட்ட முடியாது. 300 ஓம் ஹெட்போனில் தேனாகப் பாடும். 32 ஓம் ஹெட்போனில் திணறும். வாங்கும்போதே கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. கடையில் சொல்ல மாட்டார்கள். கேட்கத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததா?

டிரான்ஸ்பார்மர் இல்லாத அந்தப் பெட்டிகளில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உள்ளே இருக்கிற உயர்ந்த வோல்ட்டுக்கும் காதில் இருக்கிற ஹெட்போனுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கண்டென்சர். அதே ரப்பர் தோல்தான், கொஞ்சம் பெரியது. அது கிழிந்தால் அந்த மின்சாரம் தலைக்கு வரும். நல்ல பெட்டிகளில் காவலுக்கு வேறு சாமான்களும் வைத்திருப்பார்கள். எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டி இல்லை.

அதனால் பழுது பார்த்தவுடன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டக்கூடாது. மெக்கானிக் முதலில் ஹெட்போனுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டன்ஸை மாட்டுவார். பெட்டியை ஓடவிட்டு ஒரு நிமிடம் பொறுப்பார். வால்வு சூடேறும் வரை வெளியேறும் இடத்தில் வோல்ட் ஏறி இறங்கும். பிறகு டி.சி. அளவில் மீட்டரை வைத்துப் பார்ப்பார். இடம், வலம் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்படியே ஒரு மணி நேரம் ஓடவிடுவார். நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடி அளப்பார். அப்போதும் பூஜ்யம் என்றால் கடையில் கிடக்கிற பழைய மலிவு ஹெட்போனைச் செருகி, மேசையில் வைத்துக் கேட்பார். அதன் பிறகே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அவர் ஹெட்போனைக் கையில் கொடுப்பார்.